அப்பாவின் அறிக்கையில் ‘கேராஸ் ஜி12டி’ என்று இருக்கிறது. இந்தப் பாதையை அடைக்க மருந்து உண்டா?

நெல்வயல்மகள்
2025 நவம்பர் 18, இரவு 10.15

எல்லாருக்கும் வணக்கம். இதுவரை வாசித்துவிட்டுப் போய்விடுவேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

அப்பாவுக்கு 61 வயது. விவசாயம். ஆகஸ்டில் திடீரென்று சர்க்கரை 300-ஐத் தாண்டியது. எங்கள் வீட்டில் யாருக்கும் சர்க்கரை கிடையாது. மாத்திரை கொடுத்தார்கள், சாப்பிட்டார். அடுத்த இரண்டு மாதத்தில் வேட்டி இடுப்பில் நிற்கவில்லை, 9 கிலோ இறங்கிவிட்டார். சோற்றைக் குறைத்ததால்தான் என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். தீபாவளிக்கு முந்தின வாரம் கண் மஞ்சளாகி, உடம்பெல்லாம் அரிப்பு. ஸ்கேன் எடுத்தால் கணையத்தின் தலைப்பகுதியில் கட்டி, கல்லீரலில் மூன்று இடங்களில் பரவியிருக்கிறது. பித்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தாயிற்று. பயாப்ஸியில் அடினோகார்சினோமா, அதாவது கணையப் புற்றுநோய்.

நேற்று மரபணுப் பரிசோதனை அறிக்கை வந்தது. ‘கேராஸ் ஜி12டி பாசிட்டிவ்’ என்று இருக்கிறது. டாக்டர் நல்லவர்தான், ஆனால் வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். “இதுக்கு இப்போதைக்கு இங்கே மாத்திரை இல்லம்மா, கீமோ ஆரம்பிக்கலாம்” என்றதோடு முடிந்தது. நெட்டில் தேடினால் நுரையீரல் புற்றுநோயில் கேராஸுக்கு மாத்திரை இருக்கிறது என்று வருகிறது. அதே கேராஸ்தானே? அங்கே வேலை செய்வது இங்கே ஏன் செய்யாது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கெட்ட செய்தியாக இருந்தாலும் பரவாயில்லை, புரிந்தால் போதும்.

---

கடைமடைக்காரன்
2025 நவம்பர் 18, இரவு 11.50

தங்கச்சி, உங்கள் பதிவைப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. நான் மருத்துவன் இல்லை. ஆய்வகத்தில் ராஸ் புரதங்களோடு எட்டு வருடமாக வேலை செய்கிறேன். நாகப்பட்டினம் பக்கம், வாய்க்காலின் கடைசி ஊர் எங்களுடையது. அப்பா விவசாயி என்கிறீர்கள், அதனால் எனக்குத் தெரிந்த மொழியிலேயே சொல்கிறேன்.

ஒரு செல் தானாகப் பெருகாது. வெளியிலிருந்து ‘வளர்’ என்ற செய்தி வரவேண்டும். வளர்ச்சிக் காரணி என்ற பொருள் செல்லின் மேல்தோலில் இருக்கும் ஏற்பியில் வந்து உட்காரும். அங்கிருந்து செய்தி ராஸ், ராஃப், மெக், எர்க் என்று ஒவ்வொரு புரதமாகக் கை மாறி, உட்கருவுக்குப் போகும். ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கிளை, கிளையிலிருந்து வயல் என்று தண்ணீர் போவதைப்போல. இதைத்தான் சமிக்ஞைப் பாதை என்கிறோம். இதில் ராஸ்தான் தலைமடை. ஜிடிபி என்ற சிறு மூலக்கூறைப் பிடித்திருக்கும்போது மடை திறந்திருக்கும். அதை வெட்டி ஜிடிபியாக—இதே உச்சரிப்பு வருவதால் குழப்பம் வேண்டாம், முன்னதில் மூன்று பாஸ்பேட், பின்னதில் இரண்டு—மாற்றியதும் மடை மூடிக்கொள்ளும். நல்ல செல்லில் இது விநாடி நிமிடக் கணக்கில் திறந்து மூடும்.

ராஸ் குடும்பத்தில் ஒன்றுதான் கேராஸ். அந்தப் புரதத்தில் 12-ஆவது இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலம் இருக்கவேண்டும். அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது அதுதான். மடையை மூடுவதற்கு உதவ இன்னொரு புரதம் தன் விரல் ஒன்றை அந்த இடத்தில்தான் நுழைக்கும். மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறிக் கிளைசினுக்குப் பதில் அஸ்பார்டிக் அமிலம் வந்துவிட்டால், விரல் நுழைய இடம் இல்லை. மடை திறந்தே கிடக்கும். ஜி12டி என்பதன் அர்த்தம் அவ்வளவுதான்: ஜி இருந்த 12-ஆவது இடத்தில் டி. அப்பா எதையோ சாப்பிட்டதால், எதையோ செய்ததால் வந்தது என்று யாராவது சொன்னால் மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கணையப் புற்றுநோயாளிகளில் 10-ல் 9 பேருக்கு மேல் இந்த மடையில்தான் கோளாறு. அவர்களிலும் 10-ல் 4 பேருக்கு ஜி12டி, 3 பேருக்கு ஜி12வி, பிறகு ஜி12ஆர்.

இப்போது உங்கள் கேள்வி. நுரையீரலில் வேலை செய்யும் சோட்டோராசிப், அடாக்ராசிப் இரண்டும் ஜி12சி என்ற பிறழ்வுக்கானவை. அங்கே 12-ஆவது இடத்தில் வருவது சிஸ்டீன். சிஸ்டீனில் கந்தகம் இருக்கிறது, அதில் மருந்தைக் கொக்கிபோல் மாட்டிவிடலாம். 2013-ல் கெவன் ஷோகாட் என்ற ஆய்வாளரின் குழு கேராஸின் பரப்பில், ஜி12சி இருக்கும்போது, மருந்து நுழையும் ஒரு பொந்து திறப்பதைக் கண்டுபிடித்தது. அதற்கு முன் முப்பது வருடம் ‘இதற்கு மருந்தே செய்ய முடியாது’ என்றுதான் பாடம் நடத்தினார்கள். சோட்டோராசிப் 2021-ல் அமெரிக்காவில் நுரையீரலுக்கு அனுமதி பெற்றது. ஆனால் கணையத்தில் ஜி12சி வருவது 100-ல் 1 அல்லது 2 பேருக்கு. அஸ்பார்டிக் அமிலத்தில் அந்தக் கந்தகம் இல்லை. கொக்கி மாட்ட இடம் இல்லை. அதே கேராஸ்தான், அதே இடம்தான், பூட்டு மட்டும் வேறு.

கெட்ட செய்தி மட்டும் இல்லை, நல்லதும் இருக்கிறது. நாளை எழுதுகிறேன்.

---

மீனாட்சி_கே
2025 நவம்பர் 19, காலை 6.30

கண்ணு, தைரியமாக இரு. என் அம்மா 2012-ல் இதே நோயில் போனார்கள். எங்களுக்கு அப்போது கேராஸ் என்ற வார்த்தையே தெரியாது. கீமோவோடு எர்லோட்டினிப் என்று ஒரு மாத்திரை சேர்த்துக் கொடுத்தார்கள். “செல்லுக்குப் போற சிக்னலைக் கட் பண்ணும், புது மருந்து” என்றார்கள். மாதத்துக்கு எவ்வளவு என்று இங்கே எழுத மனம் வரவில்லை, அம்மாவின் வளையல்தான் அதற்குப் போனது. முகமெல்லாம் கொப்புளம். தலையணையில் கன்னம் வைக்க முடியாது. “கொப்புளம் வந்தா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்” என்று சொன்னதால் அம்மா அதைச் சந்தோஷமாகத் தாங்கிக்கொண்டார்கள்.

பதிமூன்று வருடமாக எனக்குள் ஒரு கேள்வி இருக்கிறது. அந்த மாத்திரை அம்மாவுக்கு ஏதாவது செய்ததா? கடைமடை தம்பி, தெரிந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

---

கடைமடைக்காரன்
2025 நவம்பர் 19, காலை 9.05

அக்கா, மறைக்கவில்லை.

எர்லோட்டினிப் தடுப்பது ஈஜிஎஃப்ஆர் என்ற ஏற்பியை. அது ராஸுக்கு மேலே இருக்கிறது. 2007-ல் வெளியான ஆய்வில் 569 நோயாளிகள். ஜெம்சிடபின் என்ற கீமோ மருந்து மட்டும் வாங்கியவர்களுக்கு இடைநிலை வாழ்நாள் 5.9 மாதம், எர்லோட்டினிப் சேர்த்தவர்களுக்கு 6.2 மாதம். ஏறத்தாழ பத்து நாள் வித்தியாசம். கணக்கியல்படி அது ‘தற்செயல் இல்லை’ என்று தேறியதால் அனுமதி கிடைத்தது. கொப்புளம் அதிகம் வந்தவர்கள் கொஞ்சம் கூடுதலாக வாழ்ந்தார்கள் என்பதும் அந்த ஆய்விலேயே இருந்தது. அதனால் அம்மாவிடம் சொன்னவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அன்றைக்குக் கையில் இருந்தது அதுதான்.

ஏன் பலன் அவ்வளவு சிறியது என்பதற்கு மேலே சொன்ன படத்தைப் பாருங்கள். மடையே உடைந்து கிடக்கிறது. அதற்கு மேலே, ஆற்றில், ஷட்டரைப் பாதி இறக்கினால் வயலுக்குப் போகும் தண்ணீர் எவ்வளவு குறையும்? இதே ஏற்பியைத் தடுக்கும் செடுக்ஸிமாப் ஊசியையும் சோதித்தார்கள், பலன் இல்லை.

சரி, கீழே தடுக்கலாமே என்று ராஸுக்குக் கீழே இருக்கும் மெக்கைத் தடுத்தார்கள். டிராமெட்டினிப் என்ற மருந்து, மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் நன்றாக வேலை செய்வது. கணையத்தில் ஜெம்சிடபினோடு சேர்த்தும் ஆயுள் நீளவில்லை. காரணம்தான் எனக்கு இந்தத் துறையில் பிடித்தமான, பயமுறுத்துகிற விஷயம். பாதையின் கடைசியில் இருக்கும் எர்க், வேலை நடக்கும்போதே மேலே திரும்பிப் ‘போதும், குறை’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். மெக்கை அடைத்தால் எர்க் ஓய்ந்துவிடும், அந்தப் ‘போதும்’ நின்றுவிடும். எங்கள் ஊரில் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று சத்தம் போட்டால் மேலே இன்னும் திறந்துவிடுவார்கள் இல்லையா, அதேதான். மேலே இருக்கும் ஏற்பிகள் எல்லாம் விழித்துக்கொள்ளும். தண்ணீர் பிஐ3கே என்ற பக்கத்து வாய்க்காலிலும் பாயும். செல் பிழைத்துக்கொள்ளும்.

ராஸ் மடை செல் சவ்வில் ஒட்டி நிற்க ஒரு கொழுப்பு வால் வேண்டும். அந்த வாலை ஒட்டும் நொதியைத் தடுத்தால் மடையே பெயர்ந்துவிடும் என்று டிபிஃபார்னிப் வந்தது. 688 நோயாளிகளில் சோதித்தார்கள். முடிவு 2004-ல் வந்தது: 193 நாள், ஒப்பீட்டுக் குழுவுக்கு 182 நாள். தோல்வி. அந்த நொதியைத் தடுத்ததும் கேராஸுக்கு வேறொரு நொதி வேறொரு வாலை ஒட்டிக் கொடுத்தது.

அக்கா, அம்மாவைப்போல அந்த ஆய்வுகளில் மாத்திரை சாப்பிட்டவர்களால்தான் மேலேயும் கீழேயும் தடுத்துப் பயனில்லை, மடையிலேயே கை வைக்கவேண்டும் என்று எங்களுக்கு உறுதியானது. ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. எங்கள் ஆய்வுக் கூட்டங்களில் இன்றும் அந்த எண்களிலிருந்துதான் பேச்சு தொடங்குகிறது.

---

மீனாட்சி_கே
2025 நவம்பர் 19, காலை 9.40

பத்து நாள். சரி தம்பி. தெரிந்துகொண்டது நல்லது.

---

தேடல்_சேகர்
2025 நவம்பர் 19, பிற்பகல் 2.20

ஒரு சந்தேகம். கணையக் கட்டியில் புற்றுசெல்லைவிடச் சுற்றியிருக்கும் நார்த்திசுதான் அதிகம், அது சுவர் மாதிரி நின்று மருந்தை உள்ளே விடாது என்று படித்திருக்கிறேன். அந்தச் சுவரைக் கட்டச் சொல்லும் சமிக்ஞை ஹெட்ஜ்ஹாக் பாதை. அதைத் தடுத்து எலிகளில் பெரிய வெற்றி என்று 2009-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. கேராஸையே பிடித்துத் தொங்காமல் சுவரை இடித்துவிட்டுச் சாதாரணக் கீமோவை உள்ளே அனுப்பினால் என்ன?

---

கடைமடைக்காரன்
2025 நவம்பர் 19, இரவு 8.30

சேகர் சார், இந்தக் கேள்விக்கு நன்றி. வாட்ஸ்அப்பில் ‘எலிகளில் கட்டி மறைந்தது’ என்று வரும் ஒவ்வொரு செய்தியின்போதும் நான் நினைத்துக்கொள்வது இந்தக் கதையைத்தான்.

நீங்கள் சொல்வது சரி. கட்டியின் பருமனில் பெரும்பங்கு நார்த்திசுதான். கேபிசி என்று ஒரு எலி வகை உண்டு. அதன் கணையத்தில் கேராஸ் ஜி12டி பிறழ்வையும் பி53 என்ற இன்னொரு மரபணுவின் பிறழ்வையும் வைத்திருப்பார்கள், மனிதக் கட்டியைப்போலவே நார் பிடித்த கட்டி வரும். அந்த எலியில் ஐபிஐ-926 என்ற ஹெட்ஜ்ஹாக் தடுப்பானைக் கொடுத்ததும் நார் குறைந்தது, ரத்தக் குழாய்கள் பெருகின, ஜெம்சிடபின் உள்ளே போனது, எலிகள் கூடுதல் நாள் வாழ்ந்தன. மனிதர்களில் சோதனை தொடங்கினார்கள். 2012 ஜனவரியில் நிறுத்தினார்கள். மருந்து வாங்கிய குழு, வாங்காத குழுவைவிட மோசமாக இருந்தது.

‘பலன் இல்லை’ என்றால்கூடப் பரவாயில்லை. மோசமானது என்றால் என்ன அர்த்தம்? 2014-ல் இரண்டு குழுக்கள் எலிகளிலேயே விடை கண்டார்கள். ஹெட்ஜ்ஹாக்கை மரபணு வழியில் நீக்கினாலோ, நாரை உண்டாக்கும் செல்களை அழித்தாலோ, கட்டி இன்னும் மூர்க்கமாகிறது. அந்த நார்த்திசு மருந்தைத் தடுக்கும் சுவர் மட்டும் இல்லை, புற்றைச் சுற்றி உடம்பு போட்ட வேலியும்கூட. நாரில் ஹயலுரோனான் என்ற ஜெல் போன்ற பொருளைக் கரைக்கும் நொதியையும் சோதித்தார்கள். மூன்றாம் கட்ட ஆய்வு 2019-ல் தோற்றது.

முதல் எலி ஆய்வில் பிழை ஒன்றும் இல்லை. கவனமாகச் செய்த வேலை. எலி சில வாரம் உயிரோடு இருந்தது, மனிதர்கள் சில மாதம் இருந்தார்கள். அந்தக் கூடுதல் காலத்தில்தான் வேலி போனதன் விளைவு தெரிந்திருக்கலாம்.

---

சித்தமரபு_அன்பு
2025 நவம்பர் 20, காலை 7.10

கோபித்துக்கொள்ளாதீர்கள், தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். மஞ்சளில் இருக்கும் குர்குமின், என்எஃப்-கப்பா-பி என்ற சமிக்ஞைப் பாதையைத் தடுக்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. நம் சமையலறையில் இருப்பது. பக்கவிளைவும் இல்லை. அப்பாவுக்குக் கொடுத்துப் பார்க்கலாமே?

---

வார்டு_டாக்டர்
2025 நவம்பர் 20, பிற்பகல் 1.45

புற்றுநோய் மருத்துவராக இருக்கிறேன், இழையைக் காலையில்தான் பார்த்தேன். மஞ்சள் பற்றி என் நோயாளிகள் வாரம் ஒருமுறையாவது கேட்கிறார்கள். கேட்பதில் தவறே இல்லை.

குர்குமினைக் கணையப் புற்றுநோயில் ஒழுங்காகச் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையில், நாளுக்கு 8 கிராம், 25 பேர். முடிவு 2008-ல் வெளியானது. ஒருவருக்கு நோய் 18 மாதத்துக்கு மேல் அசையாமல் இருந்தது. இன்னொருவருக்குக் கட்டி வேகமாகச் சுருங்கி, சீக்கிரமே திரும்பியது. மற்றவர்களுக்குப் பலன் இல்லை. ஆய்வகத் தட்டில் அந்தப் பாதையைத் தடுக்கிறது, உண்மை. வாயால் சாப்பிட்டால் ரத்தத்தில் ஏறுவது மிக மிகக் குறைவு. குழம்பில் போடுவதுபோல் போடுங்கள். மாத்திரையாக 8 கிராம் வேண்டாம். ஜெம்சிடபினோடு சேர்த்து அந்த அளவு கொடுத்தபோது வயிறு உப்பி, வலி தாங்காமல் சிலர் நிறுத்தியிருக்கிறார்கள். ஏற்கெனவே சாப்பிட முடியாதவருக்கு அது பெரிய தொல்லை.

நெல்வயல்மகள், உங்களுக்குச் சில விஷயங்கள். கடைமடைக்காரன் பாதையைச் சொல்லிவிட்டார், நான் இந்த வாரம் செய்யவேண்டியதைச் சொல்கிறேன்.

கீமோவைத் தள்ளிப்போடாதீர்கள். மாத்திரைக்காகக் காத்திருந்து உடல் தளர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஃபோல்ஃபிரினாக்ஸ் என்ற நான்கு மருந்துக் கூட்டு 2011 ஆய்வில் இடைநிலை வாழ்நாளை 6.8 மாதத்திலிருந்து 11.1 மாதமாக்கியது. இடைநிலை என்றால் பாதிப் பேர் அதைவிட அதிகம் வாழ்ந்தார்கள். கணையத்தில் இந்த 2025 நவம்பர் வரை எந்தச் சமிக்ஞை மாத்திரையும் பெரிய ஒப்பீட்டு ஆய்வில் இதைத் தாண்டவில்லை. உடல் தாங்காது என்றால் ஜெம்சிடபினோடு நாப்-பாக்லிடாக்ஸெல். ஸ்டென்ட் வைத்தபின் பிலிரூபின் (காமாலையின் மஞ்சள் நிறமி) நன்றாக இறங்கியதா என்று பார்த்துத்தான் ஆரம்பிப்பார்கள், ஃபோல்ஃபிரினாக்ஸில் இருக்கும் இரினோடெக்கான் கல்லீரல் வழியாக வெளியேற வேண்டும்.

இரண்டாவது, அந்த மரபணு அறிக்கை கட்டியிலிருந்து எடுத்ததா என்று பாருங்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அது தவிர, பிறவியிலேயே வந்த பிறழ்வு உண்டா என்று ரத்தத்திலோ எச்சிலிலோ தனியாகப் பார்க்கவேண்டும். குடும்பத்தில் யாருக்கும் புற்றுநோய் இல்லாவிட்டாலும் கணையப் புற்றுநோயாளி எல்லாருக்கும் இது செய்யவேண்டும். பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2, பால்பி2 என்ற மரபணுக்களில் பிறழ்வு இருந்தால் பிளாட்டினம் சேர்ந்த கீமோ நன்றாகக் கேட்கும், பிஆர்சிஏ பிறழ்வு என்றால் பிறகு ஓலாபரிப் மாத்திரையால் நோயைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைக்கலாம். 2019-ல் வந்த போலோ ஆய்வில் நோய் முன்னேறாத காலம் 3.8 மாதத்திலிருந்து 7.4 ஆனது. மொத்த ஆயுள் கூடவில்லை, அதையும் சொல்லவேண்டும். இந்தச் சோதனை உங்களுக்கும் உங்கள் அத்தை, சித்தப்பா பிள்ளைகளுக்கும் பயன்படும்.

மூன்றாவது, யாரும் சொல்லாமல் விடுவது. மலம் வெளுத்து, எண்ணெய் மிதப்பதுபோல் போகிறதா? கணைய நொதி மாத்திரை கேளுங்கள். முதல் கவளத்தோடு விழுங்கவேண்டும், சாப்பிட்டு முடித்தபின் இல்லை. பலருக்கு எடை இறங்குவது இதனாலும்தான்.

---

நெல்வயல்மகள்
2025 நவம்பர் 20, இரவு 9.20

டாக்டர், எண்ணெய் மிதக்கிறது. யாரும் கேட்கவே இல்லை, அப்பாவும் வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. நாளைக்கே கேட்கிறேன். பிறவிச் சோதனையும் கேட்கிறேன். மிக்க நன்றி.

---

தூரிகை
2025 நவம்பர் 20, இரவு 10.05

ஸ்டீவ் ஜாப்ஸுக்கும் கணையப் புற்றுநோய்தானே? அவர் எட்டு வருடம் இருந்தாரே? என் மாமாவுக்கும் கணையத்தில் கட்டி என்று எவெரோலிமஸ் மாத்திரை கொடுத்தார்கள், மூன்று வருடமாக நன்றாக இருக்கிறார். அது சமிக்ஞை மாத்திரைதான் என்று சொன்னதாக நினைவு.

---

வார்டு_டாக்டர்
2025 நவம்பர் 20, இரவு 10.40

அது வேறு நோய். ஜாப்ஸுக்கு வந்ததும் உங்கள் மாமாவுக்கு இருப்பதாகத் தோன்றுவதும் நியூரோஎண்டோகிரைன் கட்டி. கணையத்தில் இன்சுலின் போன்ற ஹார்மோன் சுரக்கும் செல்களிலிருந்து வருவது, மெதுவாக வளரும். அங்கே எம்டார் என்ற வேறொரு சமிக்ஞைப் பாதை முக்கியமானது, எவெரோலிமஸ் அதைத் தடுக்கும். 2011-ல் வந்த ஆய்வில் நோய் முன்னேறாத காலம் 4.6 மாதத்திலிருந்து 11 மாதமானது. நெல்வயல்மகளின் அப்பாவுக்கு இருப்பது செரிமான நீர் போகும் கணையக் குழாய்களின் செல்லிலிருந்து வருவது. அதில் எவெரோலிமஸ் உதவவில்லை. மாமா நன்றாக இருப்பதில் மகிழ்ச்சி.

---

நெல்வயல்மகள்
2025 நவம்பர் 22, இரவு 9.00

கடைமடை அண்ணா, நல்ல செய்தியும் இருக்கிறது என்றீர்களே. அதைக் கேட்கத்தான் தினமும் வந்து பார்க்கிறேன்.

---

கடைமடைக்காரன்
2025 நவம்பர் 23, காலை 11.15

மன்னிக்கவும், எண்களைச் சரிபார்க்காமல் உங்களிடம் எழுத மனம் வரவில்லை.

ஜி12டிக்கென்றே எம்ஆர்டிஎக்ஸ்1133 என்று ஒரு மருந்து வந்தது. கந்தகக் கொக்கி இல்லாமலேயே அந்தப் பொந்தில் இறுக்கமாக உட்காரும்படி செதுக்கியிருந்தார்கள். எலிகளில் கட்டி சுருங்கியதைப் பார்த்து நாங்கள் எல்லாரும் துள்ளினோம். மனிதர்களில் மருந்து ரத்தத்தில் சீராக நிற்கவில்லை. முதற்கட்டத்தோடு நிறுத்திவிட்டார்கள்.

இப்போது எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பது டாராக்ஸோன்ராசிப். அது செய்யும் விதம் வேறு. மருந்து செல்லுக்குள் நுழைந்ததும் கேராஸிடம் நேராகப் போகாது. சைக்ளோஃபிலின் ஏ என்ற, எல்லாச் செல்லிலும் நிறைய இருக்கும் ஒரு புரதத்தோடு முதலில் ஒட்டிக்கொள்ளும். மருந்தும் அந்தப் புரதமும் சேர்ந்த ஜோடிதான் போய், திறந்த நிலையில் இருக்கும் ராஸின்மேல் படியும். மூன்றும் சேர்ந்து ஒரு கொத்தாகிவிட்டால் ராஃப் வந்து ஒட்ட இடம் இருக்காது. கேராஸின் பரப்பு வழுவழுப்பானது, சின்ன மருந்துக்குப் பிடி கிடைக்காது. ஒரு பெரிய புரதத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனால் பிடி கிடைக்கிறது. சோட்டோராசிப் மூடிய மடையைத்தான் பூட்டும், மடை ஒரு கணம் மூடும்வரை அது காத்திருக்க வேண்டும். இது திறந்த மடையையே அடைக்கிறது. அதனால் ஜி12டி, ஜி12வி, ஜி12ஆர் எல்லாவற்றிலும் வேலை செய்கிறது. தினம் ஒருமுறை விழுங்கும் மாத்திரை.

முதற்கட்ட ஆய்வில், ஏற்கெனவே ஒருமுறை கீமோ எடுத்து நோய் திரும்ப வளர்ந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு 8 மாதத்துக்கு மேல் நோய் முன்னேறவில்லை. அந்தக் கட்டத்தில் கீமோவுக்கு வழக்கமாகக் கிடைப்பது 3 மாதம் போல. அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் எஃப்டிஏ 2025 ஜூனில் இதற்குத் ‘திருப்புமுனைச் சிகிச்சை’ என்ற முன்னுரிமை கொடுத்தது. ஆனால் அது சிறிய குழு, பக்கத்தில் ஒப்பிட இன்னொரு குழு இல்லை. கீமோவோடு நேருக்கு நேர் ஒப்பிடும் மூன்றாம் கட்ட ஆய்வு, ராசொல்யூட் 302, இந்த 2025 நவம்பரில் நடந்துகொண்டிருக்கிறது. ஹெட்ஜ்ஹாக் கதை தெரிந்தவர்கள் அந்த முடிவு வரும்வரை வாயைத் திறக்கமாட்டார்கள். நான் திறக்கிறேன், ஏனென்றால் மடையிலேயே கை வைத்து, ஜி12டி உள்ள மனிதர்களிலும் பலன் தெரிந்த மருந்து இது.

இந்தியாவில் எந்த மருந்துச் சோதனை நடந்தாலும் சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில் இருக்கவேண்டும். இலவசமாகத் தேடலாம். ‘பேன்கிரியாஸ்’ என்று போட்டுப் பாருங்கள், டாக்டரிடமும் காட்டுங்கள். பதிவேட்டில் இல்லாத சோதனைக்கு, அதுவும் பணம் கேட்கும் சோதனைக்கு, யார் அழைத்தாலும் போகாதீர்கள்.

---

தேடல்_சேகர்
2025 நவம்பர் 23, மாலை 5.30

8 மாதத்துக்குப் பிறகு? மடையை அடைத்தபின்னும் நோய் ஏன் திரும்புகிறது?

---

கடைமடைக்காரன்
2025 நவம்பர் 23, இரவு 7.45

சில செல்கள் கேராஸ் மரபணுவையே பல பிரதி எடுத்து, மருந்தால் அடைக்க முடியாத அளவுக்கு மடைகளைப் பெருக்குகின்றன. சில, பாதையின் கடைசியில் இருக்கும் மிக் என்ற மரபணுவைப் பெருக்கி, மேலேயிருந்து செய்தி வராமலேயே வளர்கின்றன. சில பிஐ3கே வாய்க்காலுக்கு மாறுகின்றன. அதனால் இப்போது கேராஸ் தடுப்பானோடு இன்னொன்றைச் சேர்க்கும் ஆய்வுகள்தான் எல்லா இடத்திலும். எங்கள் ஆய்வகத்திலும் அதுதான்.

இன்னொன்று. கேராஸ் பிறழ்வே இல்லாத அந்தப் 10-ல் ஒருவரை மறந்துவிடக்கூடாது. அறிக்கையில் ‘கேராஸ் நெகட்டிவ்’ என்று இருந்தால் இந்த இழையை வாசிக்கும் யாரும் அதோடு விட்டுவிடாதீர்கள். அவர்களிடம்தான் என்ஆர்ஜி1, என்டிஆர்கே, ரெட் என்ற மரபணுக்கள் வேறொரு மரபணுவோடு ஒட்டிக்கொள்ளும் இணைவுகளும் பிராஃப் மரபணுவின் பிறழ்வும் கிடைக்கும், அவற்றுக்கு மருந்து உண்டு. என்ஆர்ஜி1 இணைவுக்கான ஜெனோகுட்டுஸுமாப் 2024 டிசம்பரில் அமெரிக்காவில் கணையத்துக்கும் நுரையீரலுக்கும் அனுமதி பெற்றது. இணைவுகளைப் பார்க்க ஆர்என்ஏ சோதனையும் சேர்த்துக் கேட்கவேண்டும், டிஎன்ஏ சோதனையில் மட்டும் பார்த்தால் தவறிவிடலாம்.

---

நெல்வயல்மகள்
2025 டிசம்பர் 7, இரவு 8.10

முதல் கீமோ முடிந்தது. மூன்று நாள் கஷ்டப்பட்டார், பிறகு எழுந்துவிட்டார். நொதி மாத்திரை கொடுத்ததும் சாப்பாடு தங்குகிறது, எடை 1 கிலோ ஏறியிருக்கிறது. பிறவிச் சோதனைக்கு ரத்தம் கொடுத்தாயிற்று, முடிவு வரவில்லை.

இந்த இழையை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் இல்லை, மடை வரும் இடங்களை மட்டும். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார், தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். பிறகு கேட்டார்: “அந்த மாத்திரை எல்லா மடையையும் அடைக்கும்னா, நல்ல வயலுக்கும் தண்ணி போகாதேம்மா? அந்தப் பயிர் என்ன ஆகும்?”

எனக்குப் பதில் தெரியவில்லை அண்ணா.

---

கடைமடைக்காரன்
2025 டிசம்பர் 7, இரவு 9.55

எங்கள் ஆய்வகத்தில் சேர்ந்து ஒரு வருடம் ஆனபின்தான் நான் கேட்ட கேள்வி இது. அப்பாவிடம் சொல்லுங்கள்.

ஆமாம், நல்ல வயலும் காயும். டாராக்ஸோன்ராசிப் பிறழ்ந்த ராஸ், நல்ல ராஸ் இரண்டையும் அடைக்கிறது. தினம் தினம் புதுப்பிக்கவேண்டிய இடங்கள்தான் முதலில் வாடும்: தோல், வாய், குடல். அதனால்தான் அந்த ஆய்வில் பலருக்கும் முகத்தில் தடிப்பு, வாய்ப்புண், வயிற்றுப்போக்கு. மீனாட்சி அக்காவின் அம்மாவுக்கு வந்த கொப்புளமும் இதே வாய்க்காலில் தண்ணீர் குறைந்ததால்தான். இப்போது தடிப்பு வருவதற்கு முன்பே டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்துத் தோலைக் காக்கிறார்கள். நல்ல செல்லுக்குக் கொஞ்சம் தண்ணீர் குறைந்தாலும் பொறுத்துக்கொள்ளும். புற்றுசெல் அந்த வெள்ளத்திலேயே வளர்ந்து பழகியது, அதனால் தாங்காது. அந்த இடைவெளியில்தான் மருந்தின் அளவை வைக்கிறார்கள்.

ஜி12டி மடையை மட்டும் அடைத்து மற்றதை விட்டுவிடும் மருந்தும் சோதனையில் இருக்கிறது. பெயர் சோல்டன்ராசிப். அஸ்பார்டிக் அமிலத்திலேயே கொக்கி மாட்ட வழி கண்டுபிடித்துவிட்டார்கள். முதற்கட்டத்தில் தோல் தொல்லை குறைவாகவே தெரிகிறது.

தங்கச்சி, ஒரு வேலை மட்டும் மறக்காமல் செய்யுங்கள். பயாப்ஸி எடுத்த லேபில் அப்பாவின் திசுவை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள், பிளாக் என்பார்கள். எழுதிக் கொடுத்து அதைத் திரும்ப வாங்கி, அறிக்கையோடு சேர்த்து வீட்டில் வெயில் படாத இடத்தில் வையுங்கள். மருந்துச் சோதனையில் சேர்வதென்றால் பல இடங்களில் அதைக் கேட்பார்கள்.

---

நெல்வயல்மகள்
2025 டிசம்பர் 9, மாலை 6.20

பிளாக் வாங்கிவிட்டேன். அப்பாவின் பத்திரங்கள் வைக்கும் பெட்டியில் வைத்திருக்கிறோம். அவரே வைத்தார்.